சர்க்கரை நோயும் சோறும்: அளவில் தொடங்கி அரிசியில் முடிக்கும் வழி

சர்க்கரை நோய் என்று தெரிந்த மறுநாளே பலர் செய்யும் முதல் காரியம் அரிசியை மாற்றுவதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தீட்டாத அரிசிக்கு மாறினேன். "நல்ல அரிசிதானே" என்ற தைரியத்தில் முன்பைவிட ஒரு கரண்டி கூடவே போட்டுக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து எடுத்த எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எண் ஏறியிருந்தது. அதன் பிறகுதான் ஒரு தராசு வாங்கினேன்.

அன்று முதல் வீட்டிலும் உறவிலும் சிலருக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் இடறுவது ஏறக்குறைய அதே இடங்களில்தான். அதனால் படிகளின் வரிசைக்கு இங்கே அழுத்தம் கொடுக்கிறேன். அரிசி ரகம் எட்டாவது படியில்தான் வருகிறது. அதை முதலில் படித்துவிட்டுக் கடைக்குப் போய்விடாதீர்கள்.

1. முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள்

சோற்றைக் குறைத்தால் சர்க்கரை குறையும். ஆனால் சர்க்கரையைக் குறைக்கும் மருந்தும் அதே நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் சோற்றைப் பாதியாக்கிவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே எடுத்தால், சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தாங்க முடியாத பசி ஆகியவை அதன் அறிகுறிகள். எனவே இவர்கள் அளவைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தின் அளவைத் தாங்களாகவே மாற்றக் கூடாது.

அப்படி இறங்கிவிட்டால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்ப்பதுதான் வழக்கமான முதலுதவி. இன்னும் 70க்குக் கீழேயே இருந்தால் அதையே திரும்பச் செய்ய வேண்டும். அக்கார்போஸ், வோக்லிபோஸ் எடுப்பவர்கள் கவனிக்க: இந்த மருந்துகள் சர்க்கரையைக் குடலில் உடையவிடாமல் தாமதப்படுத்துகின்றன. அதனால் சீனி வாயில் போட்டால் உடனே பலன் கிடைக்காது. குளுக்கோஸ்தான் கையில் இருக்க வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் சோற்றையும் மற்ற மாவுச்சத்தையும் ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம். சர்க்கரை எண் பெரிதாக ஏறாமலே அது நடக்கலாம் என்பதுதான் சிக்கல். கர்ப்பிணிகளும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும் இந்தக் கட்டுரையைவிடத் தங்கள் மருத்துவரையும் உணவியல் வல்லுநரையும் நம்புவதே சரி. அவர்களுக்கான கணக்கு வேறு.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. குளுக்கோமீட்டரும் போதுமான பட்டைகளும். ஒரு நோட்டுப்புத்தகம். ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு. சோறு பரிமாற ஒரே ஒரு கரண்டி.

தட்டு விஷயம் அற்பமாகத் தோன்றும். 30 சென்டிமீட்டர் தட்டில் 120 கிராம் சோறு ஒரு மூலையில் பரிதாபமாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்ததும் கை தானாக இன்னும் கொஞ்சம் போடும். தட்டைச் சிறிதாக்குங்கள். கண் சமாதானமாகும்.

3. மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நோய் தெரிந்த பதற்றத்தில் "இப்போதே குறைத்துவிடுகிறேன்" என்பார்கள். எதிலிருந்து குறைக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

வழக்கமாகச் சாப்பிடும் அளவையே மூன்று நாள் எடைபோட்டு எழுதுங்கள். காலித் தட்டைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, சோற்றைப் போட்டு எண்ணைப் பாருங்கள். குழம்பு ஊற்றுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். இரண்டாம் முறை போடும்போதும் எடைபோட வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். முதல் பங்கை ஒழுங்காக எழுதிவிட்டு, "கடைசியில் ஒரு பிடி" என்று போட்டுக்கொண்டதை விட்டுவிடுவார்கள். அந்த ஒரு பிடி 80 கிராம் இருக்கும்.

என் உறவினர் ஒருவர் தான் "கொஞ்சம்தான்" சாப்பிடுவதாகச் சத்தியம் செய்தார். எடைபோட்டால் ஒரு வேளைக்கு 370 கிராம் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. சோற்றைக் கண்ணால் அளக்க யாராலும் முடியாது, அவ்வளவுதான்.

4. உலைக்கு முன் எடை, வெந்தபின் எடை

கணக்குகள் தப்பாகப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எனவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வேகவைக்காத அரிசியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 78 முதல் 80 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. வெந்த சோற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 28 கிராம். வித்தியாசம் தண்ணீர் மட்டுமே. ஒருவர் "50 கிராம் அரிசி" என்று சொன்னதை மற்றவர் 50 கிராம் சோறு என்று புரிந்துகொண்டால் ஒன்று பட்டினி, இல்லாவிட்டால் மூன்று மடங்கு. உணவுப் பட்டியல் எதைக் கையில் வாங்கினாலும் அந்த எடை எந்த நிலையில் உள்ளது என்று முதலில் கேளுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லார் வீட்டுச் சோறும் ஒரே அளவு தண்ணீரைப் பிடித்துக்கொள்வதில்லை. குழைய வேகவைப்பவர் வீட்டில் அரிசி மூன்று மடங்கு எடையாகும். விறைப்பாக வடிப்பவர் வீட்டில் இரண்டரை மடங்கோடு நின்றுவிடும். ஆகவே பொதுவான எண்ணை நம்பாமல் உங்கள் வீட்டு மடங்கை ஒருமுறை கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

காலிப் பாத்திரத்தை எடைபோட்டு எழுதுங்கள். அரிசியை எடைபோட்டு உலையில் போடுங்கள். வெந்தபின் பாத்திரத்தோடு எடைபோட்டுப் பாத்திரத்தின் எடையைக் கழியுங்கள். 400 கிராம் அரிசி 1,150 கிராம் சோறானால் மடங்கு 2.9. உங்கள் பங்கு 40 கிராம் அரிசி என்றால், தட்டில் 115 கிராம் சோறு விழ வேண்டும். இந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அரிசி மாறினால், பாத்திரம் மாறினால், சமைப்பவர் மாறினால் மறுபடி கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துச் சமைத்து, அதில் உங்கள் பங்கை மட்டும் எடைபோட இந்த முறை போதும். தனியாகச் சின்னப் பாத்திரம் வைத்துச் சமைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டு வாரத்தில் சமைப்பவருக்குச் சலித்துவிடும்.

5. உங்கள் பங்கை முடிவு செய்யுங்கள்

எல்லாருக்கும் பொருந்தும் ஒரு எண் கிடையாது. உடல் எடை, உழைப்பு, மருந்து, வயது எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும். ஆனால் எங்காவது தொடங்கியாக வேண்டும். ஒரு வேளைக்குச் சோற்றிலிருந்து 30 முதல் 45 கிராம் மாவுச்சத்து என்பது பலருக்கு நடைமுறைக்கு ஒத்துவரும் தொடக்கம். அதாவது 110 முதல் 160 கிராம் சோறு. உணவியல் வல்லுநர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

350 கிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மறுநாளே 110க்கு இறங்க வேண்டாம். வாரத்துக்குக் கால் பங்கு குறைத்தால் போதும். வேகமாகக் குறைப்பவர்கள் மதியம் வீரமாக இருந்துவிட்டு இரவு பத்து மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறார்கள். மருந்தைச் சரிசெய்ய மருத்துவருக்கும் மெதுவாகக் குறைவதே வசதி.

ஒரு வேளை சோற்றை விட்டுவிட்டு அடுத்த வேளை சேர்த்துச் சாப்பிடுவதும் கூடாது. நாள் மொத்தம் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் கணையமும் மருந்தும் நாள் மொத்தத்தைப் பார்ப்பதில்லை. இந்த வேளை வந்து இறங்கியதை இந்த வேளையே சமாளிக்க வேண்டியிருக்கிறது.

6. சோறு விட்ட இடத்தை நிரப்புங்கள்

சோற்றை மட்டும் குறைத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால் அந்தத் திட்டம் பத்து நாள்கூடத் தாங்காது. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பகுதி பருப்பு, பயறு, முட்டை, மீன், கோழி போன்றவையும், மீதிக் கால் பகுதி சோறுமாக இருக்கட்டும்.

பரிமாறும் வரிசையும் இதேதான். காயை முதலில் போடுங்கள், சோற்றைக் கடைசியில். சோறு முதலில் விழுந்தால் காய்க்கு இடம் இருக்காது. சாப்பிடும்போதும் காயிலும் பருப்பிலும் தொடங்கிச் சோற்றைப் பின்னால் எடுத்தால், உணவுக்குப் பிந்தைய ஏற்றம் குறைவாக இருப்பதைப் பலரும் மீட்டரில் பார்க்கலாம். நார்ச்சத்தும் புரதமும் வயிறு காலியாகும் வேகத்தைத் தணிப்பது அதற்கு ஒரு காரணம். சோற்றோடு பிசைந்துதான் சாப்பிட முடியும் என்பவர்கள் காயில் பாதியை மட்டுமாவது முன்னால் சாப்பிட்டுவிடலாம்.

உருளைக்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகியவை இந்தக் கணக்கில் காய்கறி அல்ல. அவை சோற்றின் பங்காளிகள். கிழங்கு தட்டில் வந்தால் சோற்றைக் குறைக்க வேண்டும். வேகவைத்த பருப்பிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து உண்டு. ஆனால் அதில் கணிசமான பகுதி நார்ச்சத்து என்பதால் சோறு போல வேகமாக ஏற்றாது.

7. மீட்டரிடம் கேளுங்கள்

சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒருமுறை, முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை. சாப்பிட்டு முடித்ததிலிருந்து கணக்கிட்டால் ஒவ்வொரு நாளும் நேரம் மாறும். ஒப்பிடவே முடியாது.

சாப்பிடும் முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குள் என்பது கர்ப்பிணிகள் அல்லாத பெரியவர்கள் பலருக்கு மருத்துவர்கள் சொல்லும் இலக்கு. இவை மி.கி. கணக்கு. மீட்டர் மில்லிமோல் காட்டினால் 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். முதியவர்களுக்கும், சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துவிடுகிறவர்களுக்கும் மருத்துவர் இதைவிடத் தளர்வான இலக்கு வைப்பது உண்டு.

ஒரே அளவு சோறு, ஏறக்குறைய அதே துணை உணவு, அதே வேளை என்று குறைந்தது மூன்று நாள் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். வீட்டு மீட்டர்களில் 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்பட்டது. நேற்று 172, இன்று 160 என்றால் அது முன்னேற்றமும் அல்ல, தோல்வியும் அல்ல. இரண்டும் ஒன்றே. இது தெரியாமல் 12 புள்ளிக்காக ஒரு காயையே ஒதுக்கிவைத்தவரை எனக்குத் தெரியும்.

விரலைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் உரித்த கையோடு குத்தினால் மீட்டர் காட்டுவது பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துத்தான். சரியாகத் தூங்காத நாள், காய்ச்சல் நாள், மனம் கலங்கிய நாள் ஆகியவற்றை நோட்டில் குறித்து ஒதுக்கிவையுங்கள். அன்றைய எண்ணுக்குச் சோற்றைக் குற்றம் சொல்ல முடியாது.

மூன்று நாள் சராசரி இலக்கைத் தாண்டினால், அடுத்த வாரம் 20 அல்லது 30 கிராம் சோற்றைக் குறையுங்கள், அல்லது சாப்பிட்டபின் 15 நிமிடம் நடந்து பாருங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

8. இப்போது அரிசிக்கு வருவோம்

அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை உண்டு. அமைலோஸ் மிகுந்த அரிசி உதிரியாக வேகும், மெதுவாகச் செரிக்கும். அமைலோபெக்டின் மிகுந்தது ஒட்டும், வேகமாகச் சர்க்கரையாக மாறும். ஆகவே பையில் அச்சிட்ட வாசகத்தைவிடப் பாத்திரத்தில் பார்ப்பதே நல்ல சோதனை. உதிரியாக வெந்தால் அந்த அரிசி உங்கள் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம்.

கிளைசீமிக் இண்டெக்ஸ் என்ற எண் ஓர் உணவு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதைக் காட்டுகிறது. 55 வரை குறைவு, 70க்கு மேல் அதிகம். பாசுமதி பெரும்பாலும் 50களில் வரும். ஒட்டும் அரிசி வகைகள் 80, 90ஐத் தொடும். புழுங்கலரிசி பொதுவாக அதே ரகத்துப் பச்சரிசியைவிடக் குறைவு. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது மாவுச்சத்தின் அமைப்பு மாறிவிடுவதுதான் காரணம்.

தீட்டாத அரிசியில் நார்ச்சத்தும் தாதுக்களும் கூடுதல். பிடித்தால் சாப்பிடுங்கள். ஆனால் அதிலும் சிவப்பரிசி, கறுப்பரிசியிலும் மாவுச்சத்தின் அளவு வெள்ளை அரிசிக்குச் சற்றேறக்குறைய சமம்தான். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். சிறிது சிறிதாக வாங்குங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அதிலுள்ள பாஸ்பரஸ் பிரச்சினையாகலாம்.

ரகத்தை ஏன் பின்னால் தள்ளினேன் என்பதற்கு ஒரு கணக்கு. இண்டெக்ஸை மாவுச்சத்தின் கிராமோடு பெருக்கி 100ஆல் வகுத்தால் அந்த வேளையின் உண்மையான சுமை கிடைக்கும். இண்டெக்ஸ் 55 உள்ள அரிசியில் 220 கிராம் சோறு சாப்பிட்டால் மாவுச்சத்து 62 கிராம், சுமை 34. இண்டெக்ஸ் 75 உள்ள சாதாரண அரிசியில் 110 கிராம் சாப்பிட்டால் மாவுச்சத்து 31 கிராம், சுமை 23. நல்ல அரிசியைத் தாராளமாகச் சாப்பிட்டவரைவிடச் சாதாரண அரிசியை அளந்து சாப்பிட்டவர் முன்னால் நிற்கிறார். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் அளவைத் தேர்ந்தெடுங்கள்.

"சர்க்கரை இல்லாத அரிசி", "நீரிழிவுக்கு ஏற்றது" என்ற பைகளைக் கண்டால் பின்பக்கம் திருப்புங்கள். 100 கிராமுக்கு மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். 75க்கு மேல் இருந்தால் முன்பக்க வாசகத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கக் காரணமில்லை.

புதிய அரிசிக்கு மாறும்போது ஏழாம் படியை அப்படியே திரும்பச் செய்யுங்கள். எடையையும் துணை உணவையும் மாற்றாமல் அரிசியை மட்டும் மாற்ற வேண்டும்.

9. சமைக்கும்போது

குழைய விடாதீர்கள். அதிகம் வெந்து உடைந்த அரிசியைக் குடல் வேகமாகச் செரிக்கும். கஞ்சியாகக் கரைத்துக் குடிப்பது இன்னும் வேகம்.

"கஞ்சியை வடித்துவிட்டால் சர்க்கரை போய்விடும்" என்பது மிகப் பரவலான நம்பிக்கை. வடிநீரோடு சிறிது மாவுச்சத்து போவது உண்மை. ஆனால் பெரும்பகுதி சோற்றிலேயே தங்கிவிடுகிறது. அதோடு கரையக்கூடிய பி வைட்டமின்களும் வெளியேறுகின்றன. வடித்த சோறு என்பதற்காகக் கூடுதல் கரண்டி போட்டுக்கொள்ள இடமில்லை.

சோற்றை ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால், மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறுகிறது. பலன் உண்டு, ஆனால் சிறியது. அதற்காகச் சோற்றை இரவு முழுக்க மேடையில் ஆறவிடாதீர்கள். வெந்த சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஒரு மணி நேரத்துக்குள் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டுவிடுங்கள்.

10. சோறு வடிவில் வராத அரிசி, தராசு இல்லாத இடம்

பொரி, அவல், அரிசி மாவுப் பலகாரம், அரிசி நூடுல்ஸ் எல்லாம் அரிசியேதான். பொரி காற்றடைத்துப் பெரிதாகத் தெரிவதால் "லேசான" உணவு என்று ஏமாற்றும். உலர்ந்த நிலையில் எடைபோட்டு, அரிசியின் கணக்கிலேயே எழுதுங்கள்.

விருந்துக்கோ உணவகத்துக்கோ போனால் தராசைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மூன்று, நான்கு வாரம் வீட்டில் ஒரே தட்டில் ஒரே கரண்டியால் எடைபோட்டவருக்கு அந்தக் குவியலின் உயரம் ஓரளவு பழகியிருக்கும். அந்த உருவத்தை மனதில் வைத்து ஒரே தடவையில் போட்டுக்கொள்ளுங்கள். சிறிது சிறிதாகப் பலமுறை பரிமாறவிட்டால் கணக்கு கைவிட்டுப் போகும்.

கண் மறக்கும். அதனால் மாதம் ஒருமுறை, தராசைப் பார்க்காமல் உங்கள் பங்கைப் போட்டுவிட்டுப் பிறகு எடைபாருங்கள். போன மாதம் நான் 115 என்று நினைத்துப் போட்டது 142 இருந்தது.